கன்னுக்குட்டி கண்ணில் தண்ணி வடிந்தால்...

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து உழவர்களிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "கன்னுக்குட்டி கண்ணுல தண்ணியா ஊத்துதுங்க, பூ விழுந்த மாதிரி இருக்கு, என்ன போடலாம்?" என்ன போடலாம் என்பதற்கு முன்னால் என்ன ஆச்சு என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் கண்ணில் தண்ணி வடிவதற்கு ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. ஒன்றுக்குப் போடும் மருந்து இன்னொன்றுக்கு விஷம்.

வங்கியில் கறவை மாட்டுக் கடன் பார்த்த நாட்களிலேயே கவனித்திருக்கிறேன். மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், மடியைப் பார்ப்பார், அப்புறம் கண்ணைப் பார்ப்பார். கண்ணில் வெள்ளை இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒரு கிடேரிக் கன்று கறவைக்கு வர மூன்று வருடம் போல ஆகும். அந்த மூன்று வருடத் தீவனமும் உழைப்பும், முதல் மூன்று நாளில் கண்ணைக் கவனித்தோமா இல்லையா என்பதில் நிற்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்பது. கன்றை நிழலில் நிறுத்தி, நேர் எதிரில் உட்கார்ந்து இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கண் மட்டும் திடீரென்று மூடிக்கொண்டு, தண்ணி கொட்டினால் பெரும்பாலும் தூசி, உமி, ஊசிப்புல், சோளத்தட்டின் கூர் நுனி இதில் ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கும். கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். மூக்குப் பக்க ஓரத்தில் மாட்டுக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. அதன் மடிப்புக்குள் உமி ஒளிந்துகொள்ளும்.

கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டரில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கரைத்து, சுத்தமான துணியில் வடிகட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து மெதுவாகப் பீய்ச்சினால் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும். குத்தி நிற்கும் முள்ளை நீங்கள் பிடுங்காதீர்கள். அது மருத்துவர் வேலை.

கோடையிலும், ஈ மொய்க்கும் மழைக்கால முடிவிலும் அதிகம் வருவது பிங்க் ஐ என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் தொற்றுக் கண்நோய். மொராக்செல்லா போவிஸ் என்ற பாக்டீரியா காரணம். ஒரு கன்றின் கண்ணீரில் உட்கார்ந்த ஈ அடுத்த கன்றின் கண்ணில் உட்கார்ந்தால் போதும், பரவிவிடும். கடும் வெயில், தூசி, காய்ந்த புல் கண்ணில் உரசுவது, இதெல்லாம் கண்ணின் மேல்படலத்தைப் புண்ணாக்கி அதற்கு வழி திறந்துவிடும். பெரிய மாடுகளைவிடக் கன்றுகளுக்குத்தான் அதிகம் வரும்.

முதல் நாள் தண்ணி வடியும். கன்று வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை இடுக்கும், நிழல் தேடி ஒதுங்கும். கன்னத்தில் ஈரக்கோடு விழுந்து ரோமம் ஒட்டியிருக்கும். ஓரிரு நாளில் கருவிழியின் நடுவில் ஒரு சின்ன வெண்புள்ளி தெரியும். இதைத்தான் நம்மவர்கள் 'பூ விழுந்திருக்கு' என்பது. கவனிக்காமல் விட்டால் புள்ளி விரிந்து முழுக்கண்ணும் நீலம் கலந்த வெள்ளையாகும், நடுவில் பள்ளமாகப் புண் விழும். புண் ஆழமானால் கண் உடைந்தே போகலாம். முதலில் ஒரு கண்ணில்தான் ஆரம்பிக்கும், அடுத்த கண்ணுக்கும் தாவும். வெண்மை நடுவில் தொடங்காமல் ஓரத்திலிருந்து பரவி, கூடவே காய்ச்சலும் மூக்கு ஒழுகலும் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வெண்புள்ளி தெரிந்த அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அருகில் யாரும் இல்லாவிட்டால் 1962 என்ற கால்நடை அவசர எண் இருக்கிறது. ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற மருந்துக்கு இந்தக் கிருமி நன்றாகவே கட்டுப்படும், அதுவும் ஆரம்பத்தில் கொடுத்தால். இங்கே நம்ம இயற்கை உழவர்கள் சிலர் தயங்குவார்கள். "நாம ஆன்டிபயாடிக் போடலாமுங்களா?" தாராளமாகப் போடலாம். இயற்கை வேளாண் சான்றிதழ் விதிகளே, சான்றிதழ் போய்விடும் என்று மருந்து கொடுக்காமல் விலங்கைத் துன்பப்பட விடக் கூடாது என்றுதான் சொல்கின்றன. மருந்து கொடுத்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள், அவ்வளவுதான். தினமும் தீவனத்தில் கலந்து கொட்டுவதும், குருடாகப் போகும் கண்ணுக்கு மூன்று நாள் மருந்து போடுவதும் ஒன்றல்ல.

மருந்தைவிட முக்கியமாக, என்ன போடக் கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். புகையிலைச் சாறு, மென்று துப்பிய வெற்றிலை, உப்புத்தூளை ஊதுவது, சுண்ணாம்புத் தண்ணி, மயில்துத்தம் எதுவுமே வேண்டாம். 'பூவை அறுக்கும்' என்று சொல்லிச் செய்கிறார்கள். பூ என்பது கண்ணின் மேல் ஒட்டிய அழுக்கு இல்லை, கண்ணே புண்ணாகி வெளுத்திருப்பது. அதை எப்படி அறுப்பது? இன்னொன்று, மடிநோய்க்கு நாம் அரைத்துப் பூசும் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புக் கலவை நல்ல மருந்து, மடிக்கு. அதில் கைப்பிடி மிச்சமிருக்கிறதே என்று கண்ணில் தடவிவிடாதீர்கள்.

அதே அளவு ஆபத்து, வீட்டில் மனிதர்களுக்கு வாங்கி வைத்த கண் சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். புண் உள்ள கண்ணில் ஸ்டீராய்டு போனால் புண் ஆறாது, ஆழமாகும். மருத்துவர்கள் கண்ணில் ஒரு பச்சைச் சாயம் விட்டுப் பார்ப்பது, புண் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு மருந்தை முடிவு செய்யத்தான்.

களிம்பு போடும்போது கன்றைச் சுவர் ஓரமாக நிறுத்தி, தலையை உங்கள் தொடையோடு அணைத்துப் பிடியுங்கள். கீழ் இமையை இழுத்தால் ஒரு பை போல விரியும். டியூப் நுனி கண்ணில் படாமல் அதற்குள் பிதுக்கி, இமையை மூடிவிடுங்கள். கண்ணீர் களிம்பைக் கழுவிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று மருத்துவர் சொன்னாரோ அத்தனை முறையும் போட வேண்டும். நல்ல கன்றுகளை முதலில் கவனித்துவிட்டு நோய் வந்த கன்றிடம் கடைசியில் போங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள். அந்தக் கன்றை இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் தனியாகக் கட்டுங்கள். புண் ஆறிய பிறகும் வெண்தழும்பு சில வாரம் இருக்கும், மெல்ல மங்கும். சில கன்றுகளுக்குச் சின்னதாக நின்றுவிடுவதும் உண்டு.

ஈயால் வரும் இன்னொன்று கண்புழு. மருந்து போட்டும் வடிதல் நிற்கவில்லையா, இமைக்குள் உற்றுப் பாருங்கள். வெள்ளை நூல் மாதிரி ஒரு சென்டிமீட்டர் அளவில் நெளியும். மருத்துவர் எடுத்துவிடுவார், குடற்புழு மருந்துகளில் சில இதற்கும் கேட்கும்.

ஈ உற்பத்தியாவது நம் எருக்குழியில்தான். வெயில் காலத்தில் முட்டை பத்து நாளுக்குள் ஈயாகிவிடும். ஆகவே சாணத்தைத் தினமும் அள்ளி, குவியலைச் சூடேறும்படி மூடி, வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். நாட்டுக்கோழி நாலு இருந்தால் புழுவைக் கிளறித் தின்றுவிடும். மாலையில் வேப்பிலை, நொச்சி புகை போடுவது நல்ல பழக்கம். ஆனால் கண் நோவு உள்ள கன்றை அந்தப் புகையில் கட்டாதீர்கள். மூத்திர நெடி அடிக்கும் மூடிய கொட்டகையும் அதே கெடுதல்தான்.

இனி, கண் பளிச்சென்று இருக்கும், ஆனால் கன்று தெரியாமல் முட்டிக்கொள்ளும். பொழுது சாய்ந்த பிறகு பாருங்கள், தொட்டியில் இடிக்கும், வாசல் தேடித் தடுமாறும். இது வைட்டமின் ஏ குறைவு. மாசி முதல் ஆனி வரை காய்ந்த தட்டும் வைக்கோலும் மட்டுமே தின்ற பசுவுக்குப் பிறந்த கன்றுகளிடம் வரும். கன்று பிறக்கும்போது அதன் உடம்பில் இந்தச் சத்து அநேகமாக இருப்பே இல்லை. சீம்பால்தான் முதல் டெபாசிட். பிறந்து ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும். 25 கிலோ கன்றானால் அன்றைக்குள் இரண்டரை லிட்டர் போக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது கன்றின் வயிற்றில் அடிப்பது. சினைப்பசுவுக்குக் கடைசி இரண்டு மாதம் தினமும் அகத்தி, முருங்கை, வேலிமசால் இதில் ஏதாவது பசுமையாகக் கொஞ்சமாவது விழுந்தால் இந்தத் தொல்லையே வராது. மாலைக்கண் நிலையில் பிடித்தால் மருத்துவர் போடும் ஊசியில் தெளியும். தாய் வயிற்றிலேயே சத்தில்லாமல், பார்வை நரம்பு நெரிபட்டுக் குருடாகப் பிறந்த கன்றுக்கு எதுவும் செய்ய முடியாது.

பார்வை தெரிகிறதா என்று முகத்துக்கு முன் கையை ஆட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றை ஞாபகம் வைக்கணும். ஒரு வாரம் ஆகாத கன்று, கண் நன்றாகத் தெரிந்தாலும் இமைக்காது. டார்ச் அடித்து, பாப்பா சுருங்குகிறதா என்று பாருங்கள்.

நன்றாக இருந்த கன்று திடீரென்று குருடாகி, தலையைச் சுவரில் முட்டி அழுத்தினாலோ, வெட்டி இழுத்தாலோ அது மூளை சம்பந்தப்பட்டது. பழைய பேட்டரி, பெயின்ட் டப்பாவை நக்கியிருக்கலாம். அன்றைக்கே, அந்த மணிக்கே மருத்துவர் வர வேண்டும்.

கண்ணில் தெரிவதெல்லாம் கண் நோயும் அல்ல. குழிவிழுந்த கண் கழிச்சலால் உடம்பில் தண்ணி வற்றியதைக் காட்டும். கீழ் இமை வெளுத்திருந்தால் குடற்புழு, உண்ணி. கலப்பினக் கன்றுக்குக் கடும் காய்ச்சலோடு கண் பிதுங்கி, காதடியிலோ முன் தொடைப் பக்கமோ கட்டி தெரிந்தால் உண்ணியால் வரும் தைலேரியா காய்ச்சலாக இருக்கலாம். அதற்குத் தனி ஊசி உண்டு, தாமதித்தால் கன்று தங்காது. கண்ணில் களிம்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.