ஒரு நிமிடப் பேச்சில் பறிபோன மந்திரி பதவி!

அவர் திருடவில்லை. லஞ்சம் வாங்கவில்லை. எதிரி நாட்டுக்கு உளவு சொல்லவும் இல்லை.

வழியில் பார்த்த ஒரு பத்திரிகை நிருபரிடம் நாலு வார்த்தை பேசினார். அவ்வளவுதான்! மறுநாளே இங்கிலாந்து நாட்டின் நிதி மந்திரி பதவி அவர் கையை விட்டுப் போய்விட்டது.

யார் அவர்? அப்படி என்னதான் பேசினார்?

போர் ரகசியம் காத்தவர்

அவர் பெயர் ஹியூ டால்டன். 1887-ம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய தந்தை ஒரு பாதிரியார். அரண்மனையில் ராஜகுமாரர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அந்த ராஜகுமாரர்களில் ஒருவர்தான் பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆனார்.

டால்டன் கேம்பிரிட்ஜில் படித்தார். லண்டனில் மாணவர்களுக்குப் பொருளாதாரம் கற்பித்தார். பிறகு தொழிற்கட்சியில் சேர்ந்து அரசியலில் முன்னேறினார்.

இரண்டாம் உலகப்போர் நடந்த நேரம். ஹிட்லர் பிடித்துக்கொண்ட நாடுகளுக்குள் ரகசியமாக ஆட்களை அனுப்பி, பாலங்களையும் தண்டவாளங்களையும் தகர்ப்பதற்காக 1940-ல் ஒரு இலாகா தொடங்கப்பட்டது. அந்த இலாகா இருப்பதே வெளியே தெரியாது. அதற்குப் பொறுப்பான மந்திரி டால்டன்தான்!

போர் ரகசியங்களை அப்படிக் கட்டிக் காத்தவர், கடைசியில் பீர் விலை ரகசியத்தைக் காக்கத் தவறினார்.

1947, நவம்பர் 12

போர் முடிந்தது. இங்கிலாந்து வெற்றி பெற்றது. ஆனால் கஜானா காலி! ஊரெல்லாம் கடன். நிலைமையைச் சமாளிக்க, 1947 நவம்பர் 12-ந் தேதி இடைக்கால பட்ஜெட் ஒன்றைக் கொண்டுவந்தார், டால்டன்.

அன்று பிற்பகல். பட்ஜெட் காகிதங்களுடன் சபைக்குப் போய்க்கொண்டு இருந்தார். காமன்ஸ் சபை மண்டபம் ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் 1941-ல் இடிந்துபோயிருந்தது. ஆகவே பிரபுக்கள் சபை மண்டபத்தில்தான் கூட்டம் நடந்து வந்தது.

மண்டபத்துக்கு வெளியே ஒரு நிருபர் நின்றார். அவர் பெயர் ஜான் கார்வெல். "ஸ்டார்" என்ற லண்டன் மாலைப் பத்திரிகையின் நிருபர். டால்டனுக்கு நன்றாகத் தெரிந்தவர்.

"பட்ஜெட்டில் என்ன?" என்ற கேள்விக்கு, நடந்துகொண்டே பதில் சொன்னார், மந்திரி.

புகையிலைக்குப் புது வரி இல்லை. பீருக்கு ஒரு பென்னி ஏறுகிறது. நாய்ப் பந்தயத்துக்கும் கால்பந்துப் போட்டிச் சூதாட்டத்துக்கும் வரி உண்டு, குதிரைப் பந்தயத்துக்கு இல்லை. கம்பெனிகளின் லாப வரி இரட்டிப்பு ஆகிறது. இவ்வளவையும் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நிருபர் டெலிபோனுக்கு ஓடினார். பத்திரிகை அலுவலகத்தில் அச்சு எந்திரம் சுழன்றது. வரி விவரங்களை டால்டன் சபையில் அறிவிப்பதற்கு முன்பே, அந்தச் செய்தியுடன் "ஸ்டார்" பத்திரிகை தெருவில் விற்பனைக்கு வந்துவிட்டது!

மறுநாள்

நவம்பர் 13-ந் தேதி. சபை கூடியது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தார். பட்ஜெட் செய்தி முன்கூட்டியே பத்திரிகையில் வந்தது எப்படி என்று கேட்டார்.

டால்டன் என்ன செய்திருக்கலாம்?

"எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். "விசாரணை நடக்கிறது" என்று நாளைக் கடத்தியிருக்கலாம். அச்சகத்தின் மீதோ, ஒரு குமாஸ்தாவின் மீதோ பழியைத் தள்ளியிருக்கலாம்.

அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. சபைக்குள் வரும்போது நிருபரிடம் பேசியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். அது பெரிய தவறு என்று சொல்லி, சபையிடம் மன்னிப்புக் கேட்டார்.

எதிர்க்கட்சித் தலைவர் சர்ச்சில் எழுந்தார். டால்டன் ஒளிக்காமல் பேசியதை அவரும் மதித்து, அனுதாபம் தெரிவித்தார்.

ஆனாலும் காரியம் அதோடு முடியவில்லை. அன்றே டால்டன் ராஜினாமா செய்தார். பிரதம மந்திரி அட்லி அதை ஏற்றுக்கொண்டார். ஸ்டாபோர்டு கிரிப்ஸ் புதிய நிதி மந்திரி ஆனார். அவர் நம் நாட்டுக்கும் தெரிந்தவர். 1942-ல் சுதந்திரப் பேச்சு நடத்த வந்த "கிரிப்ஸ் தூது" அவர் தலைமையில் வந்ததுதான்.

டால்டன் 1948-ல் மறுபடியும் மந்திரி ஆனார். ஆனால் நிதி இலாகா அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இவ்வளவு தண்டனையா?

ஒரு நிமிட அஜாக்கிரதைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது.

நாளைக் காலையில் சர்க்கரைக்கு வரி ஏறப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரே ஒரு வியாபாரிக்கு மட்டும் இன்று மாலையே தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? கிடைத்த மூட்டையை எல்லாம் வாங்கிக் கிடங்கில் அடுக்கிவிடுவார். பொழுது விடிந்தால் கொள்ளை லாபம். அந்த லாபம் யாருடைய பணம்? கால் கிலோ சர்க்கரை வாங்கக் கடைக்கு வரும் தாய்மார்களின் பணம்!

பட்ஜெட் ரகசியத்தின் ஆயுள் சில நாட்கள்தான். சபையில் படித்ததும் அது ஊரறிந்த செய்தி. ஆனால் அதுவரை அது எல்லாருக்கும் பொதுவான சொத்து. அதை ஒருவருக்கு மட்டும் எடுத்துக் கொடுக்க மந்திரிக்கும் உரிமை இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதே செய்தியை நிதி இலாகா குமாஸ்தா ஒருவர் சொல்லியிருந்தால், அவரைச் சும்மா விட்டிருப்பார்களா? மந்திரியை மன்னித்துவிட்டால், பிறகு எந்த முகத்தோடு குமாஸ்தாவைத் தண்டிப்பது?

ரெயில் டிரைவர் கதை

டால்டன் விழுவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் இப்படி ஒரு பட்ஜெட் ரகசியம் வெளிப்பட்டது. அந்தக் கதை வேறு மாதிரி.

ஜே.எச்.தாமஸ் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே வேலைக்குப் போனார். ரெயில் எஞ்சின் துடைத்தார். பிறகு எஞ்சின் டிரைவர் ஆனார். ரெயில்வே தொழிலாளர் சங்கத்தின் தலைவராக உயர்ந்து, கடைசியில் மந்திரியும் ஆனார். 1936-ல் குடியேற்ற நாடுகளின் மந்திரியாக இருந்தார்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாத பட்ஜெட்டில் வருமான வரியும் தேயிலை வரியும் கூட்டப்பட்டன. வரி கூடினால் பணம் கிடைக்கும்படி "இன்சூரன்ஸ்" செய்துகொள்ளும் வழக்கம் அப்போது லண்டனில் இருந்தது. பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அந்த இன்சூரன்ஸ் திடீரென்று அதிகரித்தது. இதில் லாபம் அடைந்தவர்களில் இருவர் தாமசின் சிநேகிதர்கள்!

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தாமஸ் மே மாதம் மந்திரி பதவியை விட்டார். சிநேகிதர்களுக்கு ரகசியத்தைச் சொன்னது அவர்தான் என்று விசாரணைக் குழு முடிவு கூறியது. ஜூன் மாதம் பாராளுமன்ற உறுப்பினர் பதவியையும் விட்டார். ஆனால் தான் எதையும் சொல்லவில்லை என்றே அவர் சாதித்தார்.

எஞ்சின் துடைத்த கை எட்டிப்பிடித்த பதவி அது. அதை இழந்ததோடு, பெயரையும் இழந்தார். டால்டனும் பதவியை இழந்தார். ஆனால் பொய் சொன்னார் என்று அவரை யாரும் பேசவில்லை.

கோவைக்காரர் பட்ஜெட்

டால்டன் ராஜினாமா செய்த 13-வது நாள். 1947 நவம்பர் 26-ந் தேதி, சுதந்திர இந்தியாவின் முதலாவது பட்ஜெட் டில்லியில் தாக்கல் ஆனது. தாக்கல் செய்தவர் நமது கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே.சண்முகம் செட்டியார்.

பட்ஜெட்டை ரகசியமாக வைக்கும் வழக்கம் இங்கும் தொடர்ந்தது. முதலில் ஜனாதிபதி மாளிகை அச்சகத்தில் பட்ஜெட் அச்சாகி வந்தது. 1950-ல் ஒரு பகுதி வெளியே கசிந்துவிட்டது. உடனே அச்சு வேலையை மின்டோ ரோடு அச்சகத்துக்கு மாற்றினார்கள். 1980-ல் நிதி இலாகா இருந்த நார்த் பிளாக் கட்டிடத்தின் அடித்தளத்துக்கே கொண்டுவந்தார்கள்.

ஒரு பெரிய வாணலியில் அல்வா கிண்டி எல்லாருக்கும் கொடுப்பார்கள். பிறகு அச்சு வேலைக்காரர்களும் அதிகாரிகளும் உள்ளே போவார்கள். கதவு மூடப்படும். பட்ஜெட் படிக்கும் வரை வீட்டுக்குப் போக முடியாது. மனைவி மக்களுடன் பேசவும் முடியாது.

சின்ன உத்தியோகஸ்தர்களுக்கு இப்படிப் பூட்டு உண்டு. மந்திரிக்கு? அவருக்குப் பூட்டு இல்லை. பதவி ஏற்கும் நாளில் அவர் எடுக்கும் ரகசியக் காப்பு உறுதிமொழிதான் பூட்டு. மந்திரி என்ற முறையில் தனக்குத் தெரியவருவதை, கடமைக்குத் தேவைப்பட்டால் அன்றி, நேராகவோ மறைமுகமாகவோ யாருக்கும் வெளியிடமாட்டேன் என்று சொல்லித்தான் ஒவ்வொரு மந்திரியும் நாற்காலியில் உட்காருகிறார்.

கீழே இருந்தவர் செய்த குற்றம்

1985 ஜனவரி. ராஜீவ் காந்தி பிரதமராகித் தேர்தலிலும் வென்றிருந்த சமயம். டில்லியில் ஒரு பெரிய உளவுக் கும்பல் பிடிபட்டது.

ஒரு கம்பெனியின் டில்லி அதிகாரியான குமார் நாராயண் என்பவர், சர்க்கார் அலுவலக ஊழியர்களுக்குப் பணமும் மதுப் புட்டியும் கொடுத்து, ரகசியக் காகிதங்களை வாங்கிப் பிரதி எடுத்து, வெளிநாட்டாருக்கு விற்று வந்தார் என்பது வழக்கு. கைதானவர்களில் பிரதமரின் அலுவலக ஊழியர்களும் இருந்தார்கள்!

அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரி பி.சி.அலெக்சாண்டர். அவர் காகிதத்தை விற்கவில்லை. அவர் மீது வழக்கும் இல்லை. ஆனால் தன் கீழே வேலை பார்த்தவர்கள் செய்த குற்றத்துக்குத் தானே தார்மிகப் பொறுப்பு என்று ராஜினாமா செய்தார்.

அவரைத் தமிழ்நாடு அறியும். 1988-ல் இங்கே ஜனாதிபதி ஆட்சி நடந்தபோது கவர்னராக இருந்த அலெக்சாண்டர், அவரேதான்.

வழக்கு 17 ஆண்டுகள் நடந்தது. தீர்ப்பைக் கேட்கக் குமார் நாராயண் உயிரோடு இல்லை. 2002-ல் டில்லி கோர்ட்டு முன்னாள் ஊழியர்கள் பலருக்கு 10 ஆண்டு கடுங்காவல் தண்டனை விதித்தது. கீழே இருந்தவர்களுக்குக் கோர்ட்டுத் தண்டனை 17 ஆண்டு கழித்து வந்தது. மேலே இருந்தவரோ, தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனையை அந்த மாதமே ஏற்றுக்கொண்டார்.

ஆறே நாள்!

டால்டனின் ஊரில் இப்போது எப்படி?

2022 அக்டோபர் 19-ந் தேதி, இங்கிலாந்து உள்துறை மந்திரி சுவெல்லா பிராவர்மன் ராஜினாமா செய்தார். சர்க்கார் காகிதம் ஒன்றைத் தன் சொந்த இமெயிலில் இருந்து, தன் கட்சி எம்.பி. ஒருவருக்கு அனுப்பியதாக ஒப்புக்கொண்டார். அடுத்த நாளே பிரதமர் லிஸ் டிரஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். அவருக்குப் பின் ரிஷி சுனக் பிரதமர் ஆனார்.

அக்டோபர் 25-ந் தேதி, பிராவர்மன் மறுபடியும் உள்துறை மந்திரி! அதே இலாகா, அதே நாற்காலி. இடையில் ஆறே நாள்!

தவறை ஒப்புக்கொண்டவருக்கு மறுவாழ்வு கொடுப்பதில் தப்பு இல்லை. டால்டனுக்கும் கொடுத்தார்கள். ஆனால் எந்தப் பூட்டை ஒருவர் திறந்து விட்டாரோ, அதே சாவியை ஆறு நாளில் அவரிடமே கொடுத்தால், அது என்ன பொறுப்பு என்று அந்த நாட்டில் பலர் கேட்டார்கள்.

ரகசியம் வேறு, மறைப்பு வேறு

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் சர்க்கார் எதையுமே வெளியே சொல்லக்கூடாதா?" என்று நினைக்க வேண்டாம்.

நாட்டின் பாதுகாப்புக்காகக் காப்பது ரகசியம். தன் தவறு தெரியாமல் இருக்க மூடுவது மறைப்பு. இரண்டும் ஒன்று அல்ல.

நம் நாட்டில் 1923-ம் ஆண்டின் அரசாங்க ரகசியச் சட்டம் இருக்கிறது. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. பாதுகாப்பு ரகசியங்களுக்கு இந்த இரண்டாவது சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனாலும், மூடி வைப்பதைவிட வெளியிடுவதில் பொதுமக்களுக்கு நன்மை அதிகம் என்றால், தகவலைக் கொடுக்கலாம் என்றும் அதுவே சொல்கிறது.

ரகசியம் மந்திரியின் சொத்து அல்ல. அதிகாரியின் சொத்தும் அல்ல. அது மக்களுடைய சொத்து. அவர்கள் கையில் கொடுத்து வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் நம்மிடம் நகைப்பெட்டியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனால், அதை நாம் எப்படிப் பார்த்துக்கொள்வோம்? அப்படிக் காக்க வேண்டியது.

பெட்டி கை தவறி விழுந்துவிட்டால், விழுந்தது என்று சொந்தக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். அலெக்சாண்டர் வேலைக்காரர் செய்த தவறுக்கே பொறுப்பு ஏற்றார். டால்டன் தான் செய்ததைச் சொன்னார். தாமஸ் சொல்லவில்லை.

மூவருக்கும் பதவி போயிற்று. இருவருக்கு மரியாதை மிஞ்சியது.