நின்ன காரை வாங்கியாச்சா? முதல் செலவு பெயின்ட்டுக்கு இல்ல!

மம்சாபுரம் பக்கம் தோப்பு வீட்ல ரெண்டு வருஷமா நின்ன பழைய கார் சல்லிசா கிடைச்சிருக்கா? சம்பளத்துல இந்த வரிசையில செலவு பண்ணுங்க.

1. பிரேக், டயர்: நின்ன வண்டியில பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்திருக்கும், மாத்திடுங்க. டயர்ல தேதி பாருங்க: 2316-ன்னா 2016-ல 23-வது வாரம் தயாரானது. பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும்.

2. இன்ஜின்: பேட்டரி, இன்ஜின் ஆயில், கூலன்ட். பெல்ட்டையும் ரப்பர் ஹோஸையும் எலி கடிச்சிருக்கான்னு பாருங்க.

3. பேப்பர்: இன்சூரன்ஸை உங்க பேருக்கு மாத்த 14 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். ஆர்.சி. 15 வருஷம் முடியப் போகுதா? 2022 ஏப்ரல்ல புதுப்பிக்கிற கட்டணம் 600-ல இருந்து 5,000 ரூபாய் ஆயிடுச்சு.

பெயின்ட், சீட் கவர் எல்லாம் போனஸ் வரும்போது. வாங்கின விலையும் மெக்கானிக் எஸ்டிமேட்டும் சேர்ந்து, நல்லா ஓடுற அதே மாடலோட விலையைத் தாண்டுதா? அப்போ ரிப்பேர்ல இறங்காம வித்துடுறதுதான் லாபம்.