திறக்கும் முன்பும் அழிக்கும் முன்பும் நான்கு கேள்விகள்

2002ஆம் ஆண்டில் ஒரு மின்னஞ்சல் உலகம் முழுவதும் சுற்றி வந்தது. கணினியில் குட்டிக் கரடிப் படத்துடன் ஒரு கோப்பு இருந்தால் அது வைரஸ் என்றும், உடனே அதை அழித்துவிட்டு நண்பர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றும் அது கூறியது. தேடிப் பார்த்த பலரது கணினியிலும் கரடி இருந்தது. பதறிப்போய் அழித்தார்கள்.

உண்மையில் ‘ஜேடிபிஜிஎம்ஜிஆர்’ என்ற அந்தக் கோப்பு விண்டோஸுடன் வந்த ஒன்று. ஜாவா நிரல்களில் பிழை திருத்துவதற்கான கருவி. அதில் வைரஸ் ஏதும் இல்லை. வதந்திதான் வைரஸ்போலப் பரவியது.

அன்று நல்ல கோப்பை அவசரப்பட்டு அழித்தார்கள். இன்று கெட்ட கோப்பை அவசரப்பட்டுத் திறக்கிறோம். அதன் விலையும் அதிகம். சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் தீங்கிழைக்கும் மென்பொருள் தொடர்பான மோசடிகள் ஏறத்தாழ 1,900 பதிவாயின. பறிபோன தொகை சுமார் 34 மில்லியன் வெள்ளி. பெரும்பாலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில், அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து நிறுவப்பட்ட செயலிகளே காரணம். கணினியானாலும் கைப்பேசியானாலும், அறிமுகமில்லாத கோப்பைத் தொடும் முன் நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

எங்கிருந்து வந்தது?

மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து நீங்களே தேடி இறக்கியதா, அல்லது யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதா? தெரிந்தவர் பெயரில் வந்தாலும் ஐயம் தேவை. அவரது கணக்கே களவு போயிருக்கலாம். தேடல் முடிவுகளில் முதலில் வரும் விளம்பர இணைப்பும் நம்பகமானது என்று சொல்ல முடியாது.

பெயரும் இடமும் பொருந்துகின்றனவா?

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காணலாம். ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற பெயர் பல முறை வந்தால் கலங்க வேண்டாம். விண்டோஸ் தன் சேவைகளை இயக்கும் முறையே அதுதான். ஆனால், அது வழக்கமாக இருக்க வேண்டிய இடம் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘சிஸ்டம்32’. பெயர்மீது வலப்பக்கச் சொடுக்குப் போட்டு, ‘ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இடம் தெரிந்துவிடும். அதே பெயர் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் இருந்தாலோ, எழுத்து இடம் மாறி ‘எஸ்சிவிஹோஸ்ட்’ என்று இருந்தாலோ சந்தேகப்படுங்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடும். அதனால் ‘ரசீது.பிடிஎஃப்.எக்ஸ்இ’ என்ற நிரல், வெறும் ‘ரசீது.பிடிஎஃப்’ என்ற ஆவணமாகத் தெரியும். ‘வியூ’ பட்டியலில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இயக்கிவிட்டால் முழுப் பெயரும் தெரியும்.

யார் கையெழுத்திட்டது?

கோப்பின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற தாவல் இருந்தால், தயாரித்த நிறுவனத்தின் பெயரைப் பார்க்கலாம். செல்லுபடியாகும் கையெழுத்து, கையெழுத்திட்ட பிறகு கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும்.

இதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக்கூடாது. சிறு இலவச மென்பொருள்கள் பலவற்றில் கையெழுத்தே இருக்காது. மறுபக்கம், 2017இல் ‘சிகிளீனர்’ என்ற பிரபல மென்பொருளின் 5.33 பதிப்பில் ஊடுருவிகள் தீய நிரலைப் புகுத்தினர். முறையான கையெழுத்துடன், அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே அது சுமார் 2.27 மில்லியன் கணினிகளுக்குச் சென்றது.

மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?

‘வைரஸ்டோட்டல்’ என்ற இலவசச் சேவை 2004இல் ஸ்பெயினில் தொடங்கியது. 2012இல் கூகல் அதை வாங்கியது. சந்தேகத்துக்குரிய கோப்பை அங்கு கொடுத்தால், 70க்கும் மேற்பட்ட வைரஸ் எதிர்ப்பு நிரல்களின் கருத்து ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

முடிவை நிதானமாகப் படிக்க வேண்டும். எழுபதில் ஒன்றிரண்டு மட்டும் எச்சரித்தால் அது தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். பெயர்பெற்ற பல நிரல்கள் ஒன்றாக எச்சரித்தால் கோப்பைத் தொடாதீர்கள். ஒன்றுமே எச்சரிக்காவிட்டாலும், நேற்றுதான் உருவாக்கப்பட்ட தீய நிரலை இன்னும் யாரும் அடையாளம் காணவில்லை என்றும் பொருள் இருக்கலாம்.

அங்கு பதிவேற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படும். எனவே வங்கி அறிக்கை, அலுவலக ஆவணம் போன்றவற்றை ஏற்றாதீர்கள். ‘பவர்ஷெல்’லில் ‘கெட்-ஃபைல்ஹேஷ்’ கட்டளையைக் கொடுத்தால், 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட, கோப்பின் ‘கைரேகை’ கிடைக்கும். அதை மட்டும் அங்கு தேடிப் பார்க்கலாம். கோப்பு உங்களிடமே இருக்கும்.

ஏற்கெனவே திறந்துவிட்டால்?

முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து வங்கியை அழைத்துத் தகவல் சொல்லி, முக்கியக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். பிறகு ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்’ கொண்டு கணினியை முழுமையாகச் சோதியுங்கள். மோசடியோ என்ற ஐயம் இருந்தால் சிங்கப்பூரில் 1799 என்ற ‘ஸ்கேம்ஷீல்டு’ உதவி எண்ணை அழைக்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களிடம் இந்த நான்கு கேள்விகளையும் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். “எதையாவது நிறுவச் சொன்னால், அழுத்துவதற்கு முன் திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்” என்று சொல்லி வையுங்கள். அப்படி ஒரு படம் வந்தால், வேலை நேரமானாலும் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். ஒரு முறை கடிந்துகொண்டால், அடுத்த முறை கேட்காமலேயே அழுத்திவிடுவார்கள்.