வெளிச்சமும் வேண்டும், பற்றரியும் வேண்டும்



அப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டப் பாதைகளில் சில நாட்களில் பின்னேரம் ஐந்து மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். பத்தடிக்கு அப்பால் வளைவு தெரியாது. அந்தப் பாதைகளில் இன்று பெண்களும் மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் தொழிலுக்குப் போய் வருகிறார்கள்.

அவர்களுள் ஒரு சகோதரியின் பெற்றோர், 1977 வன்செயலுக்குப் பின் ஊவாவை விட்டு வன்னிக்குச் சென்றவர்கள். 2009இல் கணவரை இழந்த அவர், இரண்டு பிள்ளைகளுடன் உறவினரைத் தேடி இங்கே திரும்பினார். தைத்த உடுப்புகளைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் விற்கிறார். இருட்டுக்குப் பயந்து தன் மோட்டார் சைக்கிளில் இரண்டு பெரிய விளக்குகளைப் பூட்டினார். இரண்டே வாரத்தில் பற்றரி இறங்கி, ஆளரவமற்ற தேயிலை மலையில் வண்டி நின்றுவிட்டது.

“வெளிச்சத்துக்குத்தான் மிஸ் காசு கொடுத்தேன். கடைசியில இருட்டுலதான் நின்னேன்” என்றார்.

பிழை எங்கே? வண்டியின் மின்சாரத்தை நமது சேமிப்புக் குழுவின் கணக்கைப் போலப் பாருங்கள். எஞ்சின் சுழலும்போது உள்ளேயுள்ள கொயில் மின்சாரம் தருகிறது, அது வரவு. பற்றரி சேமிப்பு. விளக்கு, ஹோர்ன், சிக்னல் எல்லாம் செலவு. பனியில் மெதுவாகப் போகும்போது எஞ்சினின் சுழற்சி குறைகிறது, வரவும் குறைகிறது. செலவு கூடுவதும் அந்த நேரத்தில்தான்.

கணக்குச் சுலபம். விளக்கின் வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் அம்பியர் வரும். 55 வாட் ஹலோஜன் இரண்டு என்றால் 110 வாட், ஒன்பது அம்பியருக்கு மேல். சிறிய வண்டிகள் பலவற்றின் முன்விளக்கே 35 வாட்தான். அதன் மூன்று மடங்குச் சுமை மேலதிகமாக ஏறுகிறது. 10 வாட் எல்.ஈ.டி. இரண்டு என்றால் 20 வாட், 1.7 அம்பியர் மட்டுமே.

விளக்குப் பூட்டுமுன் கராஜில் இவற்றைக் கேளுங்கள்:

1. முதலில் முன்விளக்கின் கண்ணாடியைத் துடைத்து, அதன் குறியைச் சரிசெய்யுங்கள். சிலவேளை அதுவே போதும்.

2. புதிய விளக்கை முன்விளக்கின் வயரில் ஒட்டவேண்டாம். பற்றரியிலிருந்து தனி வயர் எடுத்து, பற்றரிக்கு அருகிலேயே 3 அம்பியர் பியூஸ் போடவேண்டும்.

3. ரிலே வைத்தால் சுவிட்ச் சூடாகாது. சாவியை மூடியதும் விளக்கும் அணையும்படி இணைக்கவேண்டும்.

4. எல்லா விளக்கும் எரிய, எஞ்சின் ஓடும்போது பற்றரியில் மீற்றர் வையுங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வரவு போதும். 12.5க்குக் கீழே இறங்கினால் சேமிப்புக் கரைகிறது.

5. விளக்கைத் தாழ்வாகப் பூட்டி, நிலம் நோக்கிச் சாயுங்கள். பனியில் உயர்ந்த வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும். எதிரே வருபவரின் கண்ணையும் கூசவைக்கும்.

சட்டமும் உண்டு. 2025இல் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தின்போது, மேலதிகப் பாகங்கள் பூட்டிய வாகனங்களைப் பொலிஸார் சோதித்தார்கள். ஆகவே பூட்டுமுன் போக்குவரத்துப் பொலிஸாரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தச் சகோதரி இப்போது இரண்டு சிறிய எல்.ஈ.டி. விளக்குகளுடன் போய் வருகிறார். கராஜில் பெண் கேள்வி கேட்டால் சிரிப்பார்கள் என்று முன்பு பேசாமல் நின்றவர், இம்முறை வாட் எத்தனை, பியூஸ் எங்கே என்று கேட்டுத்தான் காசு கொடுத்தார். உழைத்த காசு உங்களுடையது. நீங்களும் கேளுங்கள்.