வீட்டுத் தலைவருக்கு ஒரு வார்த்தை

குடும்பத் தலைவரே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் மனைவியிடம், "தப்பு என்மேல்தான்" என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? பிள்ளையிடம் சொன்னது எப்போது?

நினைவுக்கு வரவில்லையா? நம்மில் பலர் அப்படித்தான். வேலையிடத்தில் மண்டோர் ஏசினால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறோம். வீட்டு வாசற்படியை மிதித்ததும் அதே தலை நிமிர்ந்துகொள்கிறது. வெளியே பட்ட அவமானத்துக்கு வீட்டில் வட்டி வசூலிக்கிறோம்.

ஜொகூரில் குளுவாங், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் வெட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் விடியுமுன்னே ஒன்றாகத்தான் பெரட்டுக்குப் போனார்கள். இருவர் கையிலும் கத்தி. இருவர் தோளிலும் காண்டா வாளி. லயத்துக்குத் திரும்பியதும் அவர் காலை நீட்டி உட்காருவார். அவளோ அடுப்பை மூட்டி அவருக்கு வெந்நீர் வைப்பாள். இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பலர் மாசாய், பாசிர் கூடாங் என்று பட்டணத்துக்குக் குடிபோய்விட்டார்கள். பல வீடுகளில் வெந்நீர் வைப்பவள் மட்டும் மாறவில்லை.

கிறிஸ்தவக் கணவர்களாகிய நாம், மனைவிக்குக் கணவனே தலைவன் என்று பவுல் எழுதியதை மறப்பதே இல்லை. எபேசியர் 5-ஆம் அதிகாரத்தில் அதையடுத்து வருவது மட்டும் மறந்துபோகிறது. கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல் மனைவியிடம் அன்புகாட்டச் சொல்வதும் அதே அதிகாரம்தான். அடுத்த அதிகாரத்தில், பிள்ளைகளுக்கு எரிச்சலூட்ட வேண்டாம் என்று தகப்பன்மாருக்கும் கட்டளை உண்டு.

அந்தக் கிறிஸ்து தலைவராக நடந்துகொண்ட விதத்தை யோவான் 13-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். மரணத்துக்கு முந்தின இரவு, பந்தியிலிருந்து எழுந்தார். இடுப்பில் துண்டைக் கட்டினார். பாத்திரத்தில் தண்ணீர் வார்த்துச் சீடர்களின் கால்களைக் கழுவினார். அக்காலத்தில் அது வேலைக்காரர் செய்யும் வேலை. பேதுருவே கூசி மறுத்தார். கழுவி முடித்த பிறகு அவர் குருவாக இல்லாமல் போனாரா?

நம் தமிழிலும் ஒரு பாடம் இருக்கிறது. மாயவரத்தில் முன்சீப்பாக இருந்து வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொன்னவர் வேதநாயகம் பிள்ளை (1826–1889). அவரும் கிறிஸ்தவர்தான். 1879-இல் அச்சான அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். பிரதாபம் என்றால் பெருமை, கீர்த்தி. அந்தப் பெயருடைய கணவரே கதையைச் சொல்கிறார். ஆனால் அதில் ஓங்கி நிற்பது மனைவி ஞானாம்பாளின் அறிவு. வேற்றூரில் அவர் சிறைப்படுகிறார். ஆண் வேடத்தில் அந்த நாட்டை ஆளும் ஞானாம்பாள்தான் அவரை மீட்கிறாள். இதைச் சொல்ல அந்தக் கணவர் கூசவில்லை. எழுதிய நீதிபதியும் கூசவில்லை.

பணிவு என்றால் அநியாயத்துக்கு அடங்கிப்போவது என்று நினைக்காதீர்கள். சம்பளத்தில் குறை வந்தால் சங்கத்திடம் சொல்லிக் கேட்கத்தான் வேண்டும். நம்மைவிட எளியவர்முன் நம் தவற்றை ஒப்புக்கொள்வதே பணிவு.

கண்ணாடியை உடைத்தான் என்று மகனை அடித்துவிட்டீர்கள். உடைத்தது பூனை என்று பிறகு தெரிகிறது. வழக்கமாக என்ன செய்வோம்? மறுநாள் கையில் ஒரு வெள்ளியைக் கொடுத்துச் சமாளிப்போம். அவனுக்கு வேண்டியது வெள்ளியல்ல. "அய்யா, அப்பாதான் தப்புப் பண்ணிட்டேன்" என்ற ஒரு வார்த்தை. அதைக் கேட்டு வளரும் பையன், ஆண்பிள்ளையும் மன்னிப்புக் கேட்கலாம் என்று கற்றுக்கொள்கிறான். கேட்காமல் வளர்பவன், பலமுள்ளவன் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று கற்றுக்கொள்கிறான். நாளைக்கு அந்தப் பாடத்தை அவன் மனைவியிடம்தான் ஒப்பிப்பான்.

பெரிய வியாழனன்று பல கோயில்களில் கால் கழுவும் சடங்கு நடக்கிறது. நம் வீட்டில் அதற்கு அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை வேலை முடிந்து மனைவி வரும்போது, அவளுக்கு வெந்நீரை நீங்கள் வைத்துக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.