கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதிக்கும் முன்

தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் ஆண்டில் பாதிக்கு மேல் மழை, மீதி நாள் புழுக்கம். நாற்பத்தைந்தைத் தொட்ட பெண்ணுக்கு நள்ளிரவில் முகமும் கழுத்தும் திகுதிகுவென எரிந்து ரவிக்கை நனைந்தால், பழி தீவின் வெக்கைமீதுதான் விழும். பக்கத்தில் படுத்திருக்கும் கணவருக்குத் துளி வியர்வை இல்லை என்பதை யார் கவனிக்கிறார்கள்?

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் 51. இந்த எரிச்சலையும் வியர்வையையும் கிளப்பும் ஹார்மோன் ஆட்டம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். சினைமுட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்டிரான் போதிய அளவு சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஏறி இறங்க, கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். இரண்டு மாதம் எட்டிப்பார்க்காத தீட்டு, பிறகு பத்து நாள் கட்டி கட்டியாகக் கொட்டுவது இதனால்தான்.

வியர்வையையும் எரிச்சலையும் சமாளித்துவிடலாம். கவலை, இந்த உதிரப்போக்கைக் கண்டதும் வரும் ஆலோசனை பற்றியது: “பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு? எடுத்துடலாம்.”

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் 2019இல் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் அரசு கணக்கெடுத்தது. 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. வேலைக்கு வராத நாளுக்கு அபராதம் கட்டும் நிலையில், மாதவிடாயே வேண்டாமென்று முடிவெடுத்தவர்கள் பலர். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் பின்பற்ற வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது.

தீவில் கரும்புக் காடு இல்லை, கடல் இருக்கிறது. சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். “அடிக்கடி போக முடியுமா, ஒரேயடியாக முடித்துவிட்டு வா” என்று வீட்டில் சொல்ல இது போதாதா? கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் விழுந்து, எலும்பும் இதயமும் பாதிப்புக்கு ஆளாகும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் மாதவிடாய் நிற்றல் முன்கூட்டியே வர வாய்ப்புண்டு.

பெரிய நார்க்கட்டிக்கும் புற்றுநோய்க்கும் அறுவை தேவைப்படலாம் என்கிறார்கள் மருத்துவர்கள், சரிதான். மற்றவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஹீமோகுளோபின், தைராய்டு, ஸ்கேன் மூன்றும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். டிரானெக்சாமிக் அமில மாத்திரையோ காப்பர்-டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் கருவியோ உங்களுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். மாதவிடாய் நின்று 12 மாதம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.