ஆலோசனை அறைக்குள் போகுமுன்



நமது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உங்கள் சபைகளிலிருந்து ஆட்களை அனுப்பி வைக்கிறீர்கள். பலருடைய கட்டணத்தையும் தாங்குகிறீர்கள். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். ஆனால் வருகிறவர்களில் அநேகர் அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரியாமலேயே வருகிறார்கள். ஒருவர் ஊசி போடுவார்கள் என்று பயந்து வருகிறார். இன்னொருவர் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து வருகிறார். எதிர்பார்த்தது நடக்காதபோது இரண்டாம் முறை வருவதில்லை. ஆகையால், அனுப்புகிற நீங்கள் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டிய சில காரியங்களை எழுதுகிறேன்.

முதலாவது, யார் யார் என்பது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநோய் மருத்துவம் படித்தவர்; மருந்து எழுதுகிறவர் அவரே. மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். சோதனைகள் செய்வார், பேச்சின் மூலம் சிகிச்சை தருவார். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆலோசகர்கள் பெரும்பாலும் உளவியலோ சமூகப்பணியோ படித்தவர்கள். "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, கேட்கத்தான் வேண்டும். சாப்ளினாகிய நான் இவர்களில் ஒருவனும் அல்ல. படுக்கையருகே உட்காருவேன், கேட்டால் ஜெபிப்பேன், சிகிச்சை தருவதில்லை.

முதல் நாளில் கேள்விகள்தான் அதிகம். தூக்கம், பசி, குடும்பம், கடன், குடி, முந்தைய நோய்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள். சாகவேண்டும் என்ற எண்ணம் உண்டா என்றும் நேராகக் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று உறவினர்கள் அஞ்சுகிறார்கள். அப்படி வராது, கேட்கப்பட்டவருக்குப் பாரம் இறங்கியதுபோல் இருப்பதே வழக்கம். சிலருக்கு இரத்தப் பரிசோதனையும் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வும் துக்கமும் வரும். அதற்கு வேண்டியது வேறு மாத்திரை.

பிறகு வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பேச்சு நடக்கும். நம்முடைய 'ஆலோசனை' என்ற சொல்லே இங்கே ஒரு சிக்கல் என்பது என் எண்ணம். ஆலோசனை என்றால் பெரியவர் ஒருவர் புத்தி சொல்வார், நாம் தலையாட்டிவிட்டு வரலாம் என்று பொருள்கொள்கிறோம். ஆனால் அந்த அறையில் புத்திமதி குறைவு. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987), வழிகாட்டுவதைவிடத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதே குணமாக்கும் என்று போதித்தவர். ஆரன் பெக் (1921–2021) என்ற மருத்துவர் உருவாக்கிய முறையில் வீட்டுப்பாடமும் உண்டு: மனதில் ஓடும் எண்ணத்தை எழுதி, அது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் 12 முதல் 20 சந்திப்புகள் வரை போகும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் சிலருக்கு மனம் முன்னிலும் கலங்கும், ஏனெனில் மூடி வைத்ததெல்லாம் வெளியே வருகிறது. "போனதால்தான் கெட்டுப்போனாள்" என்று வீட்டார் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான்.

மருந்து தரப்பட்டால், மனச்சோர்வுக்கான மாத்திரை வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வயிற்றுப் புரட்டல் போன்ற தொல்லைகளோ முதலிலேயே வரும். நன்றாகிவிட்டது என்று தாமாக நிறுத்தவேண்டாம்.

இது விசுவாசக் குறைவா என்று கேட்கிறவர்கள் உண்டு. சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்ட எலியாவைத் தூதன் கண்டிக்கவில்லை. அவனுக்கு அப்பமும் தண்ணீரும் தூக்கமும் கிடைத்தன. மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் 1950-இல் லக்னோவில் நூர் மன்சில் என்ற மனநல மையத்தைத் தொடங்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் குடும்பத்தாரும் நோயாளியோடு தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்கிறார்கள். திருச்சபை இந்த வேலைக்குப் புதிதல்ல.

இனி உங்களைத் தொடுகிற காரியத்துக்கு வருகிறேன். அந்த அறையில் பேசப்படுவது வெளியே போகாது. இது எங்கள் வழக்கம் மட்டுமல்ல; 2018-இல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தந்த உரிமை. விலக்குகள் சில உண்டு. ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் காக்கவேண்டியவர்களுக்குச் சொல்லலாம். குழந்தை பாலியல் கொடுமைக்கு உள்ளானது தெரிந்தால் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். இந்த விலக்குகளை ஆலோசகர் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கட்டணம் கொடுத்தவர் என்பது அந்த விலக்குகளில் ஒன்றல்ல. சில வருடங்களுக்குமுன் ஒரு மூப்பர் ஓர் இளம் பெண்ணின் செலவை ஏற்றுக்கொண்டார். நல்ல மனிதர். மூன்றாம் வாரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டு, "பிள்ளைக்கு என்ன பிரச்சினை ஐயா?" என்று கேட்டார். நாங்கள் சொல்லவில்லை. அவர் வீட்டாரிடம் விசாரித்து அறிந்துகொண்டார். அந்த ஞாயிறு பெண்கள் ஐக்கியத்தில் அது ஜெபக்குறிப்பாக வாசிக்கப்பட்டது, பெயரோடும் காரணத்தோடும். அந்தப் பெண் மறுபடி வரவில்லை. நான்கு மாதம் கழித்து நள்ளிரவில் அவளை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவந்தார்கள். பிழைத்தாள். போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து வீட்டார் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தார்கள். அந்தப் பயம் வேண்டாம். உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கொள்கிறது. அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் அப்படியே தொடரவுமில்லை.

அதன்பிறகு மனநலப் பிரிவுக்கு வரும் காணிக்கைகள் ஒரே நிதியில் சேர்க்கப்படுகின்றன. யாருடைய பணம் யாருக்குப் போயிற்று என்று கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. குணமானவரின் சாட்சியை அச்சிட்டு அனுப்பும்படி சிலர் கேட்கிறீர்கள். இந்தப் பிரிவிலிருந்து அது வராது. வருத்தப்படாதிருங்கள். பஸ் கட்டணத்துக்கும், ஒருநாள் கூலி போய்விடுமே என்ற கவலைக்கும் இந்த நிதி உதவுகிறது. பாதியில் நின்றுபோகிறவர்களில் பலருக்கு நோயைவிட அந்தக் கூலிதான் தடை.

புதிதாக வருகிறவர்கள் பழைய மருந்துச்சீட்டுகளையும், நாட்டுமருந்து சாப்பிட்டால் அதையும் எடுத்துவரட்டும். துணைக்கு ஒருவர் வரலாம். உள்ளே வரவேண்டுமா என்பதை நோயாளியே தீர்மானிப்பார். ஆலோசகரோடு மனம் ஒட்டாவிட்டால் வேறொருவரைக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். நாள் குறித்தபின் காத்திருக்க முடியாத இரவு வந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் போன் செய்துகொண்டிராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.